இரண்டாம் சாட்சி

கல்யாண வீடுகளில் என்னை முன்வரிசையில் உட்கார வைக்கிறார்கள். ஆட்டின் வலது தொடை எனக்கென்று தனியாக வருகிறது. யாராவது ஒருவன் புது மாப்பிள்ளையைக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தி, "இவருதான், ராஜா மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு சொன்னவரு" என்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் தொடைக்கறியை ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சிம்ராத். ராஜாவின் ஓட்டக்காரன். அவருடைய கோவேறு கழுதைக்கு முன்னால் ஓடுவது, செய்தி கொண்டுபோவது, கூட்டிவா என்று சொன்ன ஆளைக் கூட்டிவருவது, வெட்டு என்றால் வெட்டுவது. நாங்கள் ஐம்பது பேர். எல்லோருக்கும் இடுப்பில் ஒரே மாதிரி சிவப்பு வார். அதைப் பார்த்தாலே ஜனங்கள் வழிவிடுவார்கள்.

சம்லா எங்களில் ஒருவன் இல்லை. அவன் ஏதோமியன், வேற்று இனத்தான், ராஜாவின் ஆட்டு மந்தைகளுக்கெல்லாம் தலைவன். ஆள் திடகாத்திரமானவன், வேலைக்காரன், பொய் பேசமாட்டான். எங்கள் பையன்கள் அவனைக் கண்டாலே, "ஒரு கிண்ணம் பருப்புக் கூழுக்கு மூத்தவன் உரிமையை வித்த வம்சம்டா, பாத்துப் பரிமாறுங்க" என்று வம்புக்கு இழுப்பார்கள். அவன் சிரித்துக்கொண்டே போவான். அவனோடு ஒரே கிண்ணத்தில் கை போட்டுச் சாப்பிட்டவன் நான் ஒருவன்தான். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அவனிடம் எப்போதும் நல்ல பாலாடை இருக்கும்.

மழைக்காலம் முடிகிற சமயம். ஆட்டுத் தொட்டியடியில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டான்.

"சிம்ராத்து, இங்க வா. சத்தம் போடாத."

சட்டைக் கையைச் சுருட்டினான். முழங்கைக்குக் கீழே ஒலிவக்காய் அளவில் வெள்ளையாக ஒரு படை.

"எத்தனை நாளா?"

"அமாவாசைக்கு முன்னாலேருந்து."

"அடப்பாவி. நேத்துகூட என் கிண்ணத்துல கைய விட்டியே."

"அதனாலதான் மொதல்ல உன்கிட்ட காட்டறேன்."

எங்கள் ஊரில் குஷ்டம் என்று சந்நிதி ஆசாரியர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது. துணியைக் கிழித்துக்கொண்டு, மீசையை மூடிக்கொண்டு, "தீட்டு, தீட்டு" என்று கத்திக்கொண்டே ஊருக்கு வெளியே போய்விட வேண்டும். மந்தையும் இல்லை, மரியாதையும் இல்லை. அதிலும் ஏதோமியன் என்றால் எங்கள் ஆட்களுக்குக் கொண்டாட்டமாகிவிடும். எங்கள் ஊர் ஆசாரியரிடம் காட்டலாமென்றால், அவர் காலையில் பார்த்ததைச் சாயங்காலத்துக்குள் கிணற்றடிக்குச் சொல்லிவிடுகிற ஆள். அதனால் அல்மோனுக்குப் போனோம். மேய்ச்சல் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

அல்மோனில் சந்நிதியும் ஆசாரியர் வீடும் ஒரே மதிலுக்குள் இருக்கும். ஆசாரியர் பெயர் அமரியா. குள்ளமான மனிதர், கொஞ்சம் தொந்தி, தாடியெல்லாம் மாவு. சந்நிதிக்கு வேண்டிய அப்பத்தை அவர்தான் சுடுவார். அவருடைய மனைவி அப்போது மகள் பிரசவத்துக்காக வேறு ஊர் போயிருந்தாள்.

"வெயிலுக்கு வா. கையை நீட்டு" என்றார்.

"ஐயா, நான் ஏதோமியன். மொதல்லயே சொல்லிடறேன்."

"அது உன் தோலுக்குத் தெரியுமா? நீட்டுப்பா."

குனிந்து, மூக்கு படுகிற தூரத்தில் வைத்துப் பார்த்தார். விரல் மட்டும் படவில்லை. "முடி வெளுக்கல. குழி விழல. ஆனா சத்தியமா எனக்குச் சொல்லத் தெரியல. ஏழு நாள் அடைச்சு வெச்சுத்தான் பாக்கணும்."

அப்படி அடைத்துவைப்பதற்கென்று மதிலோரத்தில் ஓர் அறை உண்டு. அந்த வருட மழையில் அதன் கூரை இறங்கிவிட்டது. வேறு ஆசாரியராக இருந்தால், அது உன் தலையெழுத்து, கிட என்று விட்டிருப்பார். இவர் தன் வீட்டு விறகறையைத் தானே காலிசெய்தார். ஒவ்வொரு கட்டையாகத் தூக்கி முற்றத்தில் போட்டார். நான் உதவிக்குப் போனதற்கு, "நீ தண்ணி கொண்டா, போதும்" என்றுவிட்டார். குளிருக்குத் தன்னுடைய போர்வையையே கொடுத்தார். உள்ளே இருப்பவன் யாரென்று ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஏதோ ஒருவனை அடைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதுமே அவருடைய தம்பிகள் தீட்டுக்குப் பயந்து அந்த வாரம் முற்றத்துப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. நான் வாசலில் படுத்துக்கொண்டேன்.

மூன்று வேளையும் அவர்தான் சாப்பாடு கொண்டுபோனார். முதல்நாள் பருப்புக் கூழ். உள்ளேயிருந்து சம்லா, "கூழா ஐயா? விக்கறதுக்கு என்கிட்ட இனிமே ஒண்ணும் பாக்கியில்லயே" என்றான்.

அமரியாவுக்குத் தொந்தி குலுங்கியது. "உன்கிட்ட யாரு கேட்டா. ஆறிடும், சாப்பிடு."

நாலாம் நாள் ஓய்வுநாள். சந்நிதி மேசையில் பன்னிரண்டு அப்பம் வாரம் முழுக்க இருக்கும். ஓய்வுநாள் காலையில் அதை எடுத்துவிட்டுப் புது அப்பம் வைப்பார்கள். எடுத்த பழைய அப்பத்தை ஆசாரியர் குடும்பம் மட்டும்தான் சாப்பிடலாம். அமரியா அந்தக் கூடையோடு வெளியே வந்த நேரத்தில்தான் எல்தாத் உள்ளே நுழைந்தார்.

எல்தாத் என்றால் ராஜாவின் படைத்தலைவர். ராஜாவோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவர். நான் பதறிப்போய்த் தரையில் விழுந்து வணங்கினேன்.

"எந்திரிடா சிம்ராத்து. நீ எங்க இங்க?"

"ஒரு வேலையா வந்தேன், தலைவரே."

"நானும் அப்படித்தான்" என்றார். மேலெல்லாம் புழுதி. காலில் செருப்பு இல்லை. அதை நான் பார்த்தேன். பார்த்தும் மண்டையில் ஏறவில்லை.

அவர் அமரியாவிடம் திரும்பினார். "ஐயா, சாப்பிட எது இருந்தாலும் குடுங்க. கீழ ஓடையில என் ஆளுங்க நாலு பேரு இருக்காங்க."

"சாதாரண அப்பம் நேத்தே தீந்துபோச்சே. ஓய்வுநாள், அடுப்பு மூட்ட முடியாது. கையில இருக்கறது இது ஒண்ணுதான். இது எங்களுக்குன்னு ஒதுக்கினது."

"பசிங்க ஐயா."

அமரியா யோசித்தார். "பொம்பளைங்க பக்கம் போன தீட்டு ஒண்ணும் இல்லயே?"

"மூணு நாளா தண்ணியையே கண்ணால பாக்கல. நீங்க பொம்பளையக் கேக்கறீங்க."

"படைத்தலைவரு தனியா வந்திருக்கீங்களே, எதுக்கு?"

"ராஜா வேலை. வெளிய சொல்லக்கூடாது."

அமரியா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தம்பி, நீ ராஜாவோட வாசல்ல நிக்கற ஆளு. உனக்குத்தான் தெரியும். இவரு சொல்றது சரிதானா? ராஜா அனுப்பித்தான் வந்திருக்காரா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன ஐயா இப்படிக் கேட்டுட்டீங்க. ராஜாவோட வலது கை அவரு. தாராளமாக் குடுங்க. நான் சொல்றேன்."

நான் சொல்றேன். அந்த வார்த்தைதான். அது பொய்யில்லை. எனக்குத் தெரிந்தவரைக்கும் நாலு நாள் முன்புவரை எல்தாத் ராஜாவின் வலது கைதான். நடுவில் அங்கே என்ன நடந்தது என்று அல்மோன் வாசலில் உட்கார்ந்திருந்த எனக்கு எப்படித் தெரியும்.

என் வார்த்தையைக் கேட்டபிறகு அமரியாவின் முகம் தெளிந்துவிட்டது. ஐந்து அப்பங்களைத் துணியில் கட்டிக் கொடுத்தார். பிறகு எல்தாதின் காலைப் பார்த்துவிட்டு, "இந்தக் கல்லுல எப்படி நடப்பீங்க" என்று தன் செருப்பைக் கழற்றி வைத்தார். எல்தாத் அதைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவர் நன்றி சொல்லவில்லை. அதற்கு நான் கோபித்துக்கொண்டது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

சாயங்காலம் விறகறை இடுக்கு வழியாகச் சம்லா கேட்டான். "வந்துட்டுப் போனது எல்தாத்துதானே?"

"ஆமா."

"ராஜா வேலையாப் போற ஆளு செருப்பில்லாமப் போவாராடா?"

"அறுந்திருக்கும். உனக்கெதுக்கு? நீ உன் கையைப் பாரு."

ஏழாம் நாள் அமரியா அவனை வெயிலுக்குக் கூட்டிவந்தார். படை மங்கிப்போயிருந்தது. இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுத்தம். வெறும் தடிப்புதான். துணியைத் துவைச்சுக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ" என்றவர், அந்தத் துணியைத் துவைப்பதற்கு முன்பே அவனைக் கட்டிக்கொண்டார். சம்லா அழுதான். அது நடிப்பில்லை. ஒரு கிடாவை அனுப்புகிறேன் என்றான். "எதுக்கு ஆடு வந்துதுன்னு நாலு பேரு கேப்பான். அப்புறம் நீ இங்க அடைபட்டது வெளிய வரும். ஒண்ணும் வேணாம்" என்றார் அமரியா.

ஊர் திரும்பினால் அங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது. ராஜா ஊர் நடுவிலிருந்த கர்வாலி என்கிற பெரிய மரத்தடியில் ஈட்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். எல்தாத் அவரைக் கவிழ்க்கச் சதி செய்தாராம், தெரிந்ததும் தப்பி ஓடிவிட்டாராம். அது உண்மையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ராஜா எங்களை வரிசையாக நிற்கவைத்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

"என் சோத்தைத் தின்னுட்டு ஒருத்தனாவது ஒரு வார்த்தை சொன்னீங்களாடா? எல்லாரும் அவன்கூடச் சேந்துட்டீங்களா?" அவருடைய கண் எங்கள் இருவர்மேலும் வந்து நின்றது. "ஏழு நாளா உங்க ரெண்டு பேரையும் காணோம். அவன் ஓடின அதே ஏழு நாள். எங்கடா போனீங்க?"

சம்லாதான் பேசினான்.

"அல்மோனுக்கு, ராஜா."

"எதுக்கு?"

அவன் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டான். கையைப் பற்றிச் சொல்லியிருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும். ஆனால் அத்தனை பேர் முன்னால் அந்தப் பேச்சு வந்தால், சுத்தம் என்று நூறு ஆசாரியர் சொன்னாலும் அப்புறம் ஒருத்தன் அவன் கிண்ணத்தில் கைவைக்கமாட்டான். அவன் வேறு வழி பிடித்தான்.

"சந்நிதியில ஒரு நேர்ச்சை இருந்துது, ராஜா. ஆனா அங்க ஒண்ணு பாத்தோம். எல்தாத்து வந்தான். அமரியா ஆசாரியர் அவனுக்கு மேசை அப்பத்தைக் குடுத்தாரு. கால்ல கிடந்த செருப்பைக் கழட்டிக் குடுத்து அனுப்பினாரு. பாத்தோம்."

ஒரு சொல்லில்கூடப் பொய் இல்லை, நேர்ச்சையைத் தவிர. பாத்தேன் என்றுகூடச் சொல்லவில்லை. பாத்தோம் என்றான். அந்த 'தோம்'-இல் என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டான். வேண்டுமென்று செய்தானா, பேச்சு வாக்கில் வந்ததா என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். அவன் செய்ததை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. அந்தப் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஏழு நாள் தூங்கியவன் அவன்.

ராஜாவின் எழுத்தர், வயசாளி, பக்கத்தில் நின்றிருந்தார். "ராஜா, ஆசாரியர் உயிர் சம்பந்தப்பட்டது. ஒருத்தன் வாயை வெச்சு யாரையும் கொல்லக்கூடாது. ரெண்டு சாட்சி வேணும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

"பாத்தோம்னுதானே சொன்னான்? இன்னொருத்தன் எங்க?"

நான் முன்னால் போய் நின்றேன்.

"பாத்தியா?"

"பாத்தேன், ராஜா."

"அப்பம் குடுத்தானா?"

"குடுத்தாரு."

"செருப்பு?"

"குடுத்தாரு."

எழுத்தர் என் முகத்தையே பார்த்தார். "வேற எதாவது சொல்லணுமாப்பா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

வேறு இருந்தது. என் பேச்சை நம்பித்தான் கொடுத்தார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், எல்தாதுக்கு வாசலில் நின்று உறுதி சொன்னவன் நான் என்றாகும். ராஜாவின் கையில் ஈட்டி இருந்தது.

"இல்லீங்க ஐயா" என்றேன்.

அமரியாவைக் கூட்டிவர என்னையே அனுப்பினார்கள். அது என் வேலைதானே. மறுநாள் காலை அல்மோனில் போய் ராஜா கூப்பிடுகிறார் என்றதும், கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு உடனே கிளம்பிவிட்டார். காலில் தம்பியின் செருப்பு. அளவில் பெரிது. அடிக்கு ஒருதரம் சடக் சடக்கென்று சத்தம்.

"உன் கூட்டாளி கை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு ஐயா."

"மறுபடி வெளுத்தா ஒளிச்சு வெக்காம வரச் சொல்லு. வெக்கப்பட ஒண்ணுமில்ல."

பாதி தூரம் போனபிறகு என்னால் தாங்கமுடியவில்லை. "ஐயா, எல்தாத்து ராஜாவுக்கு விரோதியாம். தப்பிச்சு ஓடற வழியிலதான் உங்ககிட்ட வந்திருக்காரு" என்றேன்.

அவர் நின்றுவிட்டார். திரும்பி ஓடிவிடுவாரோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஓடினால் துரத்தியிருக்கமாட்டேன், அதுவும் நிஜம்.

"நீ சொன்னியே தம்பி."

"எனக்குத் தெரியாது ஐயா. ஆணையா தெரியாது."

"தெரியாமத்தான் சொல்லியிருப்ப. நானும் தெரியாமத்தான் குடுத்தேன்." மறுபடி நடக்க ஆரம்பித்தார். "சரி விடு. ராஜாவும் மனுசன்தானே. ஓட்டக்காரன் சொன்னான், நம்பிக் குடுத்தேன்னு சொல்லுவேன். நீயும், ஆமா நான்தான் சொன்னேன்னு சொல்லிடு. ரெண்டு பேருக்கும் ஒரு திட்டு விழும். அதோட முடிஞ்சுது."

"சரிங்க ஐயா."

"சொல்லிடுவல்ல?"

"சொல்லிடறேன் ஐயா."

மரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது உச்சிவெயில். நான் போய் வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றுகொண்டேன். சம்லா எனக்கு எதிர்ப்பக்கம் நின்றான், அமரியாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ராஜா மெதுவாகத்தான் கேட்டார். அவர் மெதுவாகப் பேசினால் நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வோம். "என் விரோதிக்கு ஏன்யா சோறு போட்ட?"

"உங்க விரோதின்னு எனக்குத் தெரியாது, ராஜா. உங்க ஆளுன்னு நெனச்சுத்தான் குடுத்தேன். உங்களுக்குச் செய்யற மாதிரி நெனச்சுச் செஞ்சேன்."

"என் ஆளுன்னு யாரு சொன்னா உனக்கு? அவனா?"

"அவரும் சொன்னாரு."

"அவரும்னா? வேற யாரு?"

அமரியா வரிசைப் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்தார். கையை நீட்டிக் காட்டவில்லை, பெயர் சொல்லவில்லை. நானாகச் சொல்வதற்காகக் காத்திருந்தார். வழியில் வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா. ரொம்ப நேரம் காத்திருந்தார். மந்தைப் பக்கம் ஒரு ஆடு கத்தியது. நான் என் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பெருவிரல் நகம் உடைந்திருந்தது.

"யாருன்னு கேக்கறேன்" என்றார் ராஜா.

"யாருமில்ல, ராஜா" என்றார் அமரியா. "நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். என் பெயரைச் சொன்னால் இரண்டு பேர் சாவோம் என்று அவருக்கு என் முகத்தைப் பார்த்ததுமே விளங்கியிருக்கும். என் பயத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்கிறார். அந்த இரக்கத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது. அப்புறம் இறங்கிவிடும்.

"ரெண்டு சாட்சி இருக்கு. இவனும் ஒத்துக்கிட்டான்" என்றார் ராஜா. எங்கள் பக்கம் திரும்பினார். "வெட்டுங்கடா."

யாரும் அசையவில்லை. ஆசாரியர். அபிஷேக எண்ணெய் பட்ட தலை. எங்கள் அப்பன் பாட்டன் யாரும் செய்யாத காரியம்.

ராஜாவுக்கு வழி தெரிந்திருந்தது. "சாட்சி சொன்னவன் கைதானே மொதல்ல விழணும்? அதுதானே முறை? ரெண்டு சாட்சியும் முன்னால வாங்க."

எங்களில் அது பழைய வழக்கம். ஒருவனைச் சாகக்கொடுக்கிற சொல்லைச் சொன்னவன், அந்தச் சாவைத் தன் கையாலேயே ஆரம்பிக்கவேண்டும். சும்மா வாயால் ஆளைக் கொன்றுவிட்டு யாரும் நழுவிவிடக்கூடாது என்பதற்காக வைத்தது. சம்லா முன்னால் வந்தான். நானும் வந்தேன். பக்கத்தில் நின்றவன் என் கையில் வாளைத் திணித்தான். அமரியாவின் தாடியில் மாவு ஒட்டியிருந்தது.

நான் வாளைக் கீழே போட்டேன். "மாட்டேன் ராஜா. ஆசாரியர்மேல என் கை விழாது."

இந்த வாக்கியத்தைத்தான் கல்யாண வீடுகளில் சொல்லிக் காட்டுகிறார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, குரலை உயர்த்திச் சொன்னதாகச் சொல்கிறார்கள். எனக்குத் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. என்னைப் பார்த்து மற்ற நாற்பத்தொன்பது பேரும் ஆயுதத்தைத் தரையில் வைத்தார்கள். ஐம்பது பேரையும் ராஜா என்ன செய்ய முடியும். அவருக்கு அன்றைக்குக் காவலுக்கு வேறு ஆள் கிடையாது.

"நான் ஒருத்தன் போதும், ராஜா" என்றான் சம்லா.

இரண்டு வெட்டு ஆயிற்று. தம்பியின் செருப்பில் ஒன்று கழன்று தூரப்போய் விழுந்தது. முடித்துவிட்டுச் சம்லா வாளைப் புல்லில் துடைத்தான், என் பக்கம் பார்க்காமல் மந்தைக்குப் போனான். சாட்சி சொன்னான், முறைப்படி கையும் வைத்தான். ஊர் அவனைக் காறித் துப்பியது. என்னைத் தோளில் தூக்காத குறை.

வாற்கோதுமை அறுப்பு முடிந்தபிறகு ஒருநாள் காலை, என் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஐம்பது வயசிருக்கும். அமரியாவின் மனைவி, மில்காள். அதுவரை நான் அவளைப் பார்த்ததில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, உங்களைப் பத்தி எல்லாரும் சொன்னாங்க. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். நீங்க நெஜம் சொல்லுவீங்க."

"சொல்லுங்கம்மா."

"மகளுக்குப் பிரசவம் பாத்துட்டு நான் வீட்டுக்கு வந்த அன்னைக்கு ராத்திரி அவரு எல்லாத்தையும் சொன்னாரு. மறுநாள் காலையில நான் தண்ணிக்குப் போயிருந்தப்பதான் அவரைக் கூட்டிட்டுப் போனாங்க. அப்பத்தைக் குடுக்க மொதல்ல மனசில்லயாம். வாசல்ல ராஜாவோட ஆளு ஒருத்தன் இருந்தானாம். அவன் நான் சொல்றேன், குடுங்கன்னு சொன்னானாம். அதை நம்பித்தான் குடுத்தேன்னாரு." அவள் குரல் நடுங்கவில்லை. பலதடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள். "பேரு சொல்லல. ஒருத்தன் விறகறையில அடைபட்டுக் கிடந்தான், இன்னொருத்தன் வாசல்ல இருந்தான்னு மட்டும்தான் சொன்னாரு. அடைபட்டவங்க பேரை அவரு என்கிட்டகூடச் சொல்லமாட்டாரு. அங்க இருந்தது நீங்க ரெண்டு பேருந்தானே?"

"ஆமாம்மா."

"வெட்டினவனை எனக்குத் தெரியும். அதை விடுங்க. அவன் கண்டதைச் சொன்னான், ராஜா சொன்னதைச் செஞ்சான். ஆனா அந்த வாசல்ல இருந்தவன், நான்தான் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரு வீட்டுக்கு வந்திருப்பாரு. அவன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். அதுக்காக மட்டுந்தான் இவ்வளவு தூரம் நடந்து வந்தேன்."

தெருவில் இரண்டு பேர் அவளை அடையாளம் கண்டு நின்றுவிட்டார்கள். என்ன பேசுகிறோம் என்று காது கொடுத்தார்கள். இவர்தான் மாட்டேன் என்று சொன்னவர் என்று ஒருவன் இன்னொருவனிடம் சொல்வது கேட்டது.

"வாசல்ல இருந்தது சம்லாதாம்மா" என்றேன்.

"அப்ப விறகறையில?"

"நான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். அவ்வளவு நாளாகத் தேடிய பெயர் கிடைத்துவிட்டது. சம்லா தன் மானத்தைக் காப்பாற்ற மறைத்ததை நான் எடுத்து என்மேல் போட்டுக்கொண்டேன். நான் செய்ததை எடுத்து அவன்மேல் போட்டேன். நேர்ச்சையைத் தவிர, அவன் ராஜா முன்னால் சொன்னது அத்தனையும் நடந்தது. நான் அந்தப் பெண்ணிடம் சொன்னதில் ஒன்றுகூட நடந்ததில்லை.

"அடைபட்டு இருந்தீங்கன்னா அவன் பேசினது உங்களுக்குக் கேட்டிருக்காது, ராஜா முன்னால உங்களால வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்லியிருக்க முடியாதுதான், தம்பி" என்றாள்.

"முடியலம்மா."

"உங்க மேல தப்பில்ல."

தெருவில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் குனிந்து, தன் புருஷன்மேல் விழாத அந்தக் கையை எடுத்து முத்தமிட்டாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.